கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை சொந்தக் காரில்: நெடும்பயணத்தைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகரில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44தான் இந்தியாவின் மிக நீளமான நெடுஞ்சாலை. நடைமுறையில் ஒரு வழிக்கு ஏறத்தாழ 3,650 கி.மீ. ஓட்ட வேண்டியிருக்கும். இதில் ஜம்மு வரையிலான முதல் 3,400 கி.மீ. பெரும்பாலும் நான்கு வழிச்சாலை. கொஞ்சம் பொறுமையும் நல்ல டயர்களும் இருந்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் ஓட்டிவிடலாம். ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையிலான கடைசி 250 கி.மீ. மலைச்சாலை அப்படிப்பட்டதல்ல. எந்த மாதத்தில் கிளம்புவது, எத்தனை நாள் விடுப்பு எடுப்பது, எங்கே ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்வது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் அந்தக் கடைசித் துண்டே பதில் சொல்கிறது. ஆகவே இந்தப் பயணத்தைத் தெற்கிலிருந்து வடக்காக ஓட்டினாலும், திட்டத்தை வடக்கிலிருந்து தெற்காகப் போடுவதே சரி. மாதத்தையும் நாட்களையும் அப்படி முடிவு செய்த பிறகு, வழியை மட்டும் ஓட்டும் வரிசையிலேயே சொல்கிறேன்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஜம்மு–ஸ்ரீநகர் மலைச்சாலையிலுள்ள பனிஹால் பகுதியில் பனி விழும். அதே மாதங்களில் ஆக்ரா முதல் ஜலந்தர் வரையிலான சமவெளியில் மூடுபனி இறங்கி, காலை பத்து மணி வரை முன்னால் நிற்கும் லாரியின் பின்புறம்கூடத் தெரியாத நிலை வரும். மே, ஜூனில் நாக்பூர், ஜான்சி, குவாலியர் வட்டாரங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். சூடான தாரில் நாள் முழுக்க ஓடும் பழைய டயர்களுக்கு அது சோதனைக் காலம். ஜூலை, ஆகஸ்டில் அமர்நாத் யாத்திரைக்காக ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் இருக்கும் என்பதோடு, மழையில் மலை அதிகம் சரிவதும் அப்போதுதான்; மற்ற மாதங்களிலும் அது நடக்கலாம். 2025 ஏப்ரலில் ராம்பன் பகுதியில் பெய்த பெருமழையால் இந்தச் சாலை சேதமடைந்து நாள்கணக்கில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் உதம்பூர் பக்கம் சாலை சரிந்தபோது, அறுவடைக்கு வந்த ஆப்பிளை ஏற்றிய லாரிகள் வழியிலேயே தேங்கி நின்றன.

இவற்றைக் கழித்தால் இரண்டு வாய்ப்புகள் மிஞ்சுகின்றன. ஒன்று, செப்டம்பர் பிற்பகுதியில் கிளம்பி அக்டோபர் நடுவில் திரும்புவது. மழை ஓய்ந்திருக்கும், மூடுபனி தொடங்கியிருக்காது, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் வீடு சேர்ந்துவிடலாம். மற்றொன்று, மார்ச் நடுவில் கிளம்புவது. ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் வழக்கமாக மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ பூக்கத் தொடங்கும் என்பதால் பலரும் இதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் மார்ச்–ஏப்ரலில் பனி உருகி மண் நெகிழ்ந்திருக்கும் காலத்தில் ஒரு மழை பெய்தாலும் மலைச்சாலை அடைபடக்கூடும். எனக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் செப்டம்பர் இறுதி என்பேன். குங்குமப்பூ பார்க்கும் ஆசை இருந்தால் அக்டோபர் கடைசி வாரத்தில், அது விளையும் பாம்பூரைக் கடக்கும்படி கணக்கிடலாம். அப்போது திரும்பும் வழியில் பஞ்சாப், ஹரியானாவில் வைக்கோல் எரிக்கும் புகையும், தமிழ்நாட்டுக்குள் மழையும் எதிரே வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மார்ச்சில் கிளம்புகிறவர்கள் ஹோலி அன்று மத்தியப் பிரதேசத்திலோ உத்தரப் பிரதேசத்திலோ சாலையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். அன்று நண்பகல் வரை கடைகள் திறந்திருப்பது அரிது. சாலையில் வருகிறவர்கள் எல்லோரும் நிதானத்தில் இருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது.

2. நாட்களைக் கணக்கிடுதல்

கிலோமீட்டரை வைத்துக் கணக்கிடுவதுதான் முதன்முறை கிளம்புகிறவர்கள் செய்யும் தவறு. வெளிச்சம் இருக்கும் நேரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். மார்ச்சிலும் அக்டோபரிலும் பகல் வெளிச்சம் ஏறத்தாழ 12 மணி நேரம். உணவு, தேநீர், எரிபொருள், கழிப்பறை, ஊர் நெரிசல் என மூன்று மணி நேரம் கழியும். மீதி ஒன்பது மணி நேரத்தில், ஸ்பீடோமீட்டர் 90 காட்டினாலும், சராசரி 55 கி.மீ.க்கு மேல் போவது கடினம். ஆக ஒரு நாளைக்கு 450 முதல் 500 கி.மீ. என்பது வசதியான அளவு. 560 என்பது மேல் எல்லை. ஒரு நாள் 800 கி.மீ. ஓட்டியவர்களின் கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த நாள் அவர்கள் எவ்வளவு ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த அளவில் ஏறுவதற்கு ஒன்பது நாள், காஷ்மீரில் நான்கு நாள், இறங்குவதற்கு ஒன்பது நாள், எதிர்பாராத தடைகளுக்கு இரண்டு நாள் என மொத்தம் 24 நாட்கள் தேவைப்படும். அந்த இரண்டு நாட்களைத் திட்டத்தின் நடுவில் செலவழித்துவிடாமல் ஜம்முவின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்துக்கொள்வது நல்லது. 15 நாள் விடுப்பு மட்டுமே கிடைக்கிறவர்கள் வேகத்தைக் கூட்டி ஈடுகட்ட நினைக்க வேண்டாம். ஒரு வழி மட்டும் ஓட்டிவிட்டு, வண்டியை ஜம்முவிலிருந்து கார் ஏற்றிச் செல்லும் லாரியில் அனுப்பி, நீங்கள் ரயிலிலோ விமானத்திலோ திரும்புவது அதைவிட நேர்மையான திட்டம்.

3. வழியைத் துண்டு துண்டாகப் பிரித்தல்

முதல் நாள்: கன்னியாகுமரி–சேலம், சுமார் 480 கி.மீ. திருநெல்வேலி, கோவில்பட்டி, மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழி. இந்தச் சாலையை மூத்த ஓட்டுநர்கள் இன்னமும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள். 2010இல் எண்களை மாற்றியமைக்கும் வரை இது கன்னியாகுமரி–வாரணாசி நெடுஞ்சாலை. தெரிந்த ஊர்கள், தெரிந்த மொழி என்பதால் முதல் நாளே ஓசூர் வரை போய்விடலாம் என்று தோன்றும். போக வேண்டாம். வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் மெக்கானிக்கிடம் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய கடைசி நாள் இது. மாலை நான்கு மணிக்குள் சேலம் சேர்ந்தால் அதற்கு நேரம் இருக்கும். திண்டுக்கல்லில் மதியம் பிரியாணி சாப்பிடுவதாக இருந்தால் அதற்குப் பிறகு வேறொருவர் ஓட்டட்டும்.

இரண்டாம் நாள்: சேலம்–கர்னூல், சுமார் 560 கி.மீ. சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவிலுள்ள தொப்பூர் கணவாய் போகும்போது ஏற்றம் என்பதால் பெரிய சிக்கல் இல்லை. திரும்பும்போது அதுவே இறக்கம்; எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கிப் பிரேக் பிடிக்காமல் போகும் லாரிகளால் பல விபத்துகள் நடந்த இடம் அது. குறைந்த கியரில், லாரிக்கு முன்னால் நேராகப் போகாமல் இறங்க வேண்டும். அதே நாளில் வரும் பெரிய தடை பெங்களூரு. நகருக்குள் ஓசூர் சாலையில் நுழைந்து ஹெப்பாள் வழியாக வெளியேறுவது வார நாட்களில் இரண்டு மணி நேரத்தை எளிதாக விழுங்கும். ஓசூரிலிருந்து மாலூர், ஹொசகோட்டே, தேவனஹள்ளி என்று கிழக்காகச் சுற்றி மீண்டும் நெடுஞ்சாலையைப் பிடிப்பது தூரத்தில் அதிகம், நேரத்தில் குறைவு. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் பெங்களூரைக் கடக்க முடிந்தால் மட்டும் நேர்வழியைப் பற்றி யோசிக்கலாம். கர்நாடகத்தின் கடைசி ஊரான பாகேபள்ளியில் டேங்கை நிரப்பிக்கொள்ளவும். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். அனந்தபுரம் தாண்டிக் கர்னூல் வரை சாலை நேராக, வெறிச்சென்று, தூக்கத்தை வரவழைக்கும்படி ஓடும்.

மூன்றாம் நாள்: கர்னூல்–அடிலாபாத், சுமார் 520 கி.மீ. ஹைதராபாத்துக்குள் நுழையவே வேண்டாம். ஷம்ஷாபாத்தில் வெளிவட்டச் சாலையில் ஏறி மேட்சலில் இறங்கினால் அதே நெடுஞ்சாலைதான். அதற்குப் பின் நிஜாமாபாத் மாவட்டம், நிர்மல் வழியாகக் கோதாவரியைக் கடந்து மலைக்காட்டுப் பகுதிக்குள் சாலை ஏறும். அடிலாபாத்தில் தங்குமிடங்கள் அளவாகவே உண்டு, முன்பதிவு செய்துகொள்ளவும்.

நான்காம் நாளை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறேன்: அடிலாபாத்திலிருந்து பெண்கங்கையைத் தாண்டி மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்து, நாக்பூர் வழியாக மத்தியப் பிரதேசத்தின் சிவனி வரை சுமார் 325 கி.மீ. மட்டும். மூன்று நாள் தொடர்ந்து ஓட்டிய களைப்பு இங்கேதான் வெளிப்படும். நாக்பூரில் ஆங்கிலேயர் காலத்து ‘ஜீரோ மைல்’ தூணைப் பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். நாக்பூருக்கும் சிவனிக்கும் இடையில் சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிச் செல்கிறது. விலங்குகள் அடியில் கடந்து போவதற்காக நெடுஞ்சாலையையே தூண்கள் மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். சில இடங்களில் ஒலியும் முகப்பு வெளிச்சமும் காட்டுக்குள் போகாதபடி இரு பக்கமும் தடுப்புகள் உண்டு. காட்டைப் பிளந்து சாலை போடலாமா என்ற நீண்ட வழக்குகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. நின்று படமெடுக்க வேண்டிய இடம் அல்ல, மெதுவாகப் போக வேண்டிய இடம்.

ஐந்தாம் நாள்: சிவனி–ஜான்சி, சுமார் 460 கி.மீ. லக்நாதோனில் பழைய ஏழாம் எண் சாலை வலப்புறம் ஜபல்பூருக்குப் பிரிந்து போய்விடும். நாம் நேராக நரசிங்பூர், சாகர், லலித்பூர் வழியில் போக வேண்டும். கவனக்குறைவாக ஜபல்பூர் பக்கம் திரும்புகிறவர்கள் உண்டு. நரசிங்பூர் மாவட்டம் வெல்லத்துக்குப் பேர் போனது. அதைத் தாண்டினால் பர்மான் அருகே நர்மதை. இந்த நாள் முழுக்க நல்ல கழிப்பறையோடு கூடிய உணவகங்கள் இடைவெளி விட்டுத்தான் வரும். கண்ட இடத்தில் நின்றுகொள்ளவும். ‘அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இங்கே செல்லாது.

ஆறாம் நாள் ஜான்சி–ஆக்ரா, சுமார் 220 கி.மீ. நடுவில் குவாலியர் கோட்டை, அதைத் தாண்டிச் சம்பல் ஆறு. தாஜ்மகால் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைக் கிளம்பும் தேதியை முடிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளவும். கன்னியாகுமரியில் வெள்ளி, ஞாயிறு என்று கிழமை பார்க்காமல் கிளம்பிவிட்டு ஆக்ராவில் போய்த் தலையில் கைவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏழாம் நாள்: ஆக்ரா–அம்பாலா, சுமார் 450 கி.மீ. டெல்லியைப் பார்ப்பது தனிப் பயணம்; இந்தப் பயணத்தில் அதைச் சுற்றிப் போவதே மேல். பல்வலில் கிழக்குப் புறவட்ட விரைவுச்சாலையில் ஏறினால் 135 கி.மீ. கழித்துக் குண்ட்லியில் மீண்டும் 44ஆம் எண் சாலையில் இறங்கலாம். 2018இல் திறக்கப்பட்ட இந்தச் சாலை டெல்லியின் சிக்னல்கள் அனைத்தையும் தவிர்க்கிறது. குண்ட்லியிலிருந்து சிறிது தூரத்தில் முர்தல். பராத்தாவின் மேல் வெண்ணெய்க் கட்டியை வைத்துக் கொடுக்கும் தாபாக்கள் வரிசையாக நிற்கும். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியோ 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியோ வைத்திருப்பவர்கள், தேசியத் தலைநகர் வட்டாரத்தில் அவற்றுக்கு என்ன விதி நடப்பில் இருக்கிறது என்பதைக் கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளவும். நீதிமன்ற உத்தரவுகளால் அது பலமுறை மாறியிருக்கிறது. பனிக்காலத்தில் காற்று மாசு கூடும்போது வேறு தற்காலிகத் தடைகளும் சேர்ந்துகொள்ளும்.

எட்டாம் நாள்: அம்பாலா–ஜம்மு, சுமார் 390 கி.மீ. லூதியானா, ஜலந்தர், பதான்கோட் வழி. அம்பாலாவை அடுத்த ஷம்பு எல்லையில் விவசாயிகள் போராட்டத்தால் இந்த நெடுஞ்சாலை 2024 பிப்ரவரி முதல் 2025 மார்ச் வரை, ஓராண்டுக்கும் மேலாக, அடைபட்டுக் கிடந்தது. ஆகவே பஞ்சாபுக்குள் நுழையுமுன் செய்தி பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளவும். ஒன்பதாம் நாளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

சிறு பிள்ளைகள் கூட வந்தால் சுங்கச்சாவடிகளை எண்ணச் சொல்லாமல் ஆறுகளை எண்ணச் சொல்லுங்கள். தாமிரபரணி, வைகை, காவிரி, துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி, பெண்கங்கை, நர்மதை, சம்பல், சட்லெஜ், பியாஸ், ராவி, தாவி, செனாப், ஜீலம் என்று அந்தப் பட்டியலே ஒரு புவியியல் பாடமாக வளரும்.

4. வண்டியைத் தயார் செய்தல்

சர்வீஸைக் கிளம்புவதற்கு முதல் நாள் செய்யக் கூடாது. பத்து நாள் முன்னதாகச் செய்து, அதன் பின் குறைந்தது 300 கி.மீ. ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாக இறுக்கப்படாத போல்ட்டும் ஒழுகும் குழாயும் சர்வீஸுக்குப் பிந்தைய அந்த முதல் சில நூறு கிலோமீட்டரில்தான் தம்மைக் காட்டிக்கொள்ளும். ஒருமுறை ஆயில் ஃபில்டர் சரியாக உட்காராமல், வீட்டு வாசலிலேயே சொட்டு விழுவதைப் பார்த்தேன். அன்றே கிளம்பியிருந்தால் அது அனந்தபுரத்துப் பொட்டல்வெளியில் நடந்திருக்கும்.

டயரில் மூன்றைப் பார்க்கவும். பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறியீடு வரை தேய்ந்துவிட்டதா என்பது ஒன்று. அதன் உயரம் 1.6 மி.மீ., அது ரப்பரின் மேல்மட்டத்தோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது என்று பொருள். இரண்டாவது, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்: 2322 என்றிருந்தால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஐந்தாறு ஆண்டுக்கு மேற்பட்டது என்றால், பூ தேயாமல் இருந்தாலும் இந்தப் பயணத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. மூன்றாவது ஸ்டெப்னி. அதைத் திறந்து காற்றைப் பார்த்தவர்கள் குறைவு. ஜாக்கியை வைத்து ஒருமுறை வீட்டிலேயே சக்கரத்தைக் கழற்றி மாட்டியவர்கள் அதைவிடக் குறைவு. காற்றழுத்தத்தைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

மற்றவை: பிரேக் பேட், கூலன்ட், பேட்டரி, வைப்பர், முகப்பு விளக்குகள், வீல் அலைன்மென்ட், ஏசி. கையோடு வைத்துக்கொள்ள வேண்டியவை: காரின் 12 வோல்ட் இணைப்பில் ஓடும் காற்றடிக்கும் கருவி, ட்யூப்லெஸ் பஞ்சர் கிட், ஜம்ப் ஸ்டார்ட் கேபிள், இழுவைக் கயிறு, எச்சரிக்கை முக்கோணம், நெற்றியில் மாட்டும் டார்ச், கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு ஜோடி கண்ணாடி. கூரையில் சாமான் கட்டுவதைத் தவிர்க்கவும். மைலேஜும் குறையும், இரவில் ஹோட்டல் வாசலில் கவலையும் கூடும்.

5. ஆவணங்களும் சுங்கக் கட்டணமும்

பதிவுச் சான்று, ஓட்டுநர் உரிமம், காப்பீடு, புகைச் சான்று ஆகிய நான்கும் டிஜிலாக்கர் செயலியிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் போதும் என்பது விதி. இருந்தாலும் சிக்னல் கிடைக்காத இடத்துக்காகக் காகிதப் படியும் வைத்துக்கொள்ளவும். காப்பீடும் புகைச் சான்றும் பயணத்தின் நடுவில் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். காப்பீட்டில் சாலையோர உதவி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளவும். வண்டி அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவரிடமிருந்து ஒரு கடிதமும் அவருடைய அடையாள அட்டைப் படியும் இருப்பது வீண் விசாரணையைத் தவிர்க்கும்.

சொந்த உபயோகக் கார்களுக்காக 2025 ஆகஸ்ட் 15 முதல் நடப்புக்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டுச் சலுகை அட்டை இந்தப் பயணத்துக்கென்றே செய்தது போன்றது. அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். சாவடிகள் 60 கி.மீ. இடைவெளியில் இருக்க வேண்டும் என்ற பொது விதிப்படி கணக்கிட்டால், போய்வர 120 கடப்புகளுக்கு அருகில் வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டினால் ஆகும் தொகையில் இது ஒரு சிறு பகுதிதான். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளிலும் தேசிய விரைவுச்சாலைகளிலும் மட்டுமே இது செல்லும். ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, பெங்களூரின் நைஸ் சாலை, யமுனா விரைவுச்சாலை போன்ற மாநில, தனியார் சாலைகளில் ஃபாஸ்டேக் கணக்கிலுள்ள பணமே கழியும் என்பதால் அதிலும் தொகை வைத்திருக்க வேண்டும். ஃபாஸ்டேக் வண்டியின் பதிவெண்ணோடு இணைந்திருக்க வேண்டும். சேசிஸ் எண்ணை மட்டும் கொண்டு பதிந்த வில்லைக்கு இந்தச் சலுகை கிடைக்காது. 2025 நவம்பர் 15இல் நடப்புக்கு வந்த விதிப்படி, வில்லை வேலை செய்யாமல் பணமாகக் கட்டினால் இரு மடங்கு. யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு.

6. செலவு

போய்வர 7,300, காஷ்மீருக்குள் சுற்ற 600 என மொத்தம் 7,900 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. என்றால் ஏறத்தாழ 530 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 53,000 ரூபாய். 23 இரவுத் தங்கலுக்கு ஒரு அறை 2,500 என்று போட்டால் 57,500. உணவைக் குடும்பத்துக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளலாம். இவை எதிலும் சேராமல் 25,000 ரூபாயைப் பழுதுக்கென்று ஒதுக்கி, அதைத் தொடாமல் திரும்பிக் கொண்டுவர முயலுங்கள்.

7. தங்குமிடம், தொலைபேசி, பணம்

ஒரு நகரில் தங்குவதானால் அதன் வடக்கு ஓரத்தில் தங்கவும். திரும்பும்போது தெற்கு ஓரத்தில். மாலை நெரிசலில் களைப்போடு அரை மணி நேரம் கூடுதலாக ஊர்ந்தாலும், மறுநாள் காலை நெரிசலுக்குள் சிக்காமல் வெளியேறிவிடலாம். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்துப் பதிவு செய்யவும். வண்டியை வளாகத்துக்குள் நிறுத்த முடியுமா என்பதை வலைத்தளத்தை நம்பாமல் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளவும்.

தொலைபேசி விஷயத்தில் பலரும் ஜம்மு–காஷ்மீர் எல்லையான லக்கன்பூர் தாண்டிய பிறகே விழித்துக்கொள்கிறார்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு–காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டுமே வேலை செய்யும். பேச முடியாமல் போவது சிறிய தொல்லை. வங்கிக் கணக்கோடு இணைந்த எண் ப்ரீபெய்டாக இருந்தால் ஓடிபி வராது, யுபிஐ சிக்கலாகும், ஹோட்டல் பதிவுகூடத் தடுமாறும். குடும்பத்தில் ஒருவராவது, அதுவும் வங்கி எண் வைத்திருப்பவர், ஒரு மாதம் முன்னரே போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ள வேண்டும். வரைபடங்களை ஆஃப்லைனில் இறக்கி வைக்கவும். பத்தாயிரம் ரூபாய் ரொக்கம் எப்போதும் காரில் இருக்கட்டும், ஒரே பையில் அல்லாமல்.

8. சாலையில் ஒரு நாள்

விடிந்ததும் கிளம்புவது, இருட்டுமுன் நிற்பது என்ற விதியை ஒரு நாளும் தளர்த்த வேண்டாம். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி, நடுத்திட்டு இடைவெளியில் திடீரென்று திரும்பும் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் பைக், கூட்டமாகப் படுத்திருக்கும் மாடுகள் ஆகிய நான்கும் கர்னூலுக்கு வடக்கே இரவில் சாதாரணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கவும். இருவர் ஓட்டத் தெரிந்தவர்களாக இருந்தால் களைப்பு வந்த பிறகு மாறிக்கொள்வதைவிட, கடிகாரத்தைப் பார்த்து மாறிக்கொள்வது நல்லது. ‘எனக்குத் தூக்கம் வருகிறது’ என்று ஒப்புக்கொள்ளும் ஓட்டுநரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு நிர்ணயித்த உச்ச வேகம் 100 என்றாலும், மாநிலங்கள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். பலகையில் உள்ளதே செல்லும். கேமராக்கள் அனுப்பும் அபராதச் செய்தி வீடு திரும்பிய பின்னும் வரும். டேங்க் பாதியானதும் நிரப்பும் பழக்கம் சிவனி–ஜான்சி போன்ற துண்டுகளில் உதவும். பங்கில் இறங்கி நின்று, மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதைப் பார்த்த பிறகே நிரப்பச் சொல்லவும். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்துக்கு 112.

உணவில் ஒன்று மட்டும் சொல்கிறேன். கர்னூல் வரை தயிர்ச்சாதம் கிடைக்கும். அதற்கு வடக்கே மதியம் பருப்பும் ரொட்டியும், இரவு விருப்பப்படி எதுவும் என்று வைத்துக்கொண்டால் வயிறு ஒத்துழைக்கும். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் கொஞ்சம் அதிகமாகவே வாங்கிக்கொள்ளவும். சாகர் வரை தாங்கும்.

9. கடைசி 250 கி.மீ.

ஜம்முவில் தங்கும் மாலையில் செய்ய வேண்டிய ஒரே வேலை, ஜம்மு–காஷ்மீர் போக்குவரத்துக் காவல் துறை மறுநாளுக்கென்று வெளியிடும் அறிவிப்பைப் படிப்பது. சாலை திறந்திருக்கிறதா, ஒரு திசையில் மட்டும் விடுகிறார்களா, எத்தனை மணிக்குப் பிறகு சிறு வாகனங்களை அனுமதிக்க மாட்டார்கள் என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடவும். சேனானி–நாஷ்ரி சுரங்கம் 9 கி.மீ.க்கும் சற்று அதிக நீளம், 2017இல் திறந்தார்கள். அதனால் பட்னிடாப் மலையேற்றம் மிச்சம். பட்டீசா இனிப்புக்குப் பேர்போன குத் ஊரும் வழியிலிருந்து விலகிப் போய்விட்டது. சுரங்கத்துக்கு அப்பால் ராம்பன் முதல் பனிஹால் வரையிலான பகுதிதான் உண்மையான சோதனை. மேலே தளர்ந்த மலை, கீழே ஆழத்தில் ஆறு, நடுவில் எப்போதும் ஏதோ ஒரு கட்டுமானப் பணி. இங்கே முந்த முயல வேண்டாம். மழை பெய்துகொண்டிருந்தால் மலையடிவாரத்தில் நிறுத்திப் படமெடுக்கவும் வேண்டாம். பனிஹாலிலிருந்து காசிகுண்ட் வரை எட்டரை கி.மீ. சுரங்கம். 1956இல் திறந்த ஜவகர் சுரங்கத்தைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வாகக் குடைந்திருப்பதால் பனிக்காலத்திலும் ஓரளவு வழி கிடைக்கிறது. அதன் மறுவாயிலில் வெளியே வந்ததும் சாலை சமதளமாகிவிடும். நெட்டிலிங்க மரம் போல நெடிது நிற்கும் பாப்லர் வரிசைகளுக்கு நடுவே ஸ்ரீநகர் வரை நிம்மதியாக ஓட்டலாம். ஸ்ரீநகரின் உயரம் 1,600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதாவது கொடைக்கானலைவிடத் தாழ்வு. மூச்சுத் திணறல் பற்றிய கவலை லடாக் பக்கம் போகிறவர்களுக்குத்தான்.

அறிவிப்பில் சாலை மூடியிருந்தால் ஒரு நாள் காத்திருக்கவும். அதற்காகத்தான் அந்தக் காலி நாள். மறுநாளும் மூடியிருந்தால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டுக் கட்ராவிலிருந்து ரயிலில் ஸ்ரீநகர் போகலாம். 2025 ஜூன் முதல் செனாப் பாலத்தின் வழியாக அந்த ரயில் ஓடுகிறது. காரில் வந்து சேரவில்லையே என்ற குறை மனதில் இருக்கும்தான். ஆனால் சரிந்துகொண்டிருக்கும் மலையின் கீழ் லாரி வரிசைக்கு நடுவே குடும்பத்தோடு ஓர் இரவைக் கழிப்பதோடு ஒப்பிட்டால் அந்தக் குறை தாங்கக்கூடியதே. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு பள்ளத்தாக்கின் பல சுற்றுலா இடங்களை மூடிவிட்டுப் படிப்படியாகத்தான் திறந்தார்கள். ஆகவே எந்தெந்த இடங்களுக்குப் போகலாம் என்பதை ஸ்ரீநகர் சேர்ந்ததும் தங்குமிடத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும்.

10. திரும்புதல்

ஸ்ரீநகரில் கடைசி நாளில் வண்டியை எங்கும் எடுக்க வேண்டாம்; டயர், கூலன்ட், பிரேக் மூன்றையும் மீண்டும் பார்த்துக்கொள்ளவும். திரும்பும் வழியில் பார்க்க வேண்டியவை முடிந்துவிட்டன, வீடு மட்டும் பாக்கி என்பதால் கால் தானாக ஆக்ஸிலேட்டரை அழுத்தும். போகும்போது தங்கிய அதே ஊர்களில், அதே அளவில் தங்கி வரும்படி அறைகளை முன்னரே பதிவு செய்துவிட்டால் அந்த அவசரத்துக்கு இடமிருக்காது. இரண்டாவது காலி நாள் செலவாகாமல் மிஞ்சியிருந்தால் அதைக் கர்னூலில் செலவிடலாம். மறுநாள் பெங்களூரின் நெரிசலும், அதன் பின் இறக்கமாக வரும் தொப்பூரும் காத்திருக்கும்.